எஸ்.பி.எல். பேட்ஜ் குத்திய பிறகு: வடசென்னைப் பள்ளியில் மாணவர் பேரவை ஒரே ஆண்டில் வேலை முடிப்பது எப்படி

ஆண்டு விழா மேடையில் மாணவர் பேரவையின் சாதனை என்று வழக்கமாக வாசிக்கப்படும் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். சுதந்திர தினம் கொண்டாடினோம், ஆசிரியர் தினம் கொண்டாடினோம், மரக்கன்று நட்டோம். பேரவையே இல்லாவிட்டாலும் கொடி ஏறியிருக்கும். ஜூனில் நட்ட கன்று ஆகஸ்டில் உயிரோடு இருந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இங்கே சாதனை என்றால் வேறு கணக்கு. பேரவை தலையிடாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்கக் கூடாது. அடுத்த எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) வந்த பிறகும் அது நிற்க வேண்டும். முன்னே இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று எண்ணிக் காட்ட முடிய வேண்டும். இந்தக் கணக்கில் தேறும் வேலை ஆண்டுக்கு மூன்று முடிந்தால் நல்ல பேரவை. பத்து என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அரசுப் பள்ளியோ, மாநகராட்சிப் பள்ளியோ, உதவி பெறும் பள்ளியோ, மெட்ரிக்கோ, முறை ஒன்றுதான். மனு போய்ச் சேரும் மேசை மட்டும் மாறும்.

முதலில் காலண்டரை எடுங்கள்

பள்ளி ஜூனில் திறக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பிய வீடுகளில் அந்த நேரம்தான் கை வறண்டிருக்கும். நோட்டு, பை, செருப்புச் செலவும் அப்போதுதான் வரும். ஆகவே ஜூன், ஜூலையில் மாணவர் ஒரு ரூபாய்கூடக் கொண்டுவர வேண்டிய எந்தத் திட்டத்தையும் வைக்காதீர்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எத்தனை நாள் லீவு விடுவார்கள் என்று சொல்ல முடியாது. டிசம்பரில் அரையாண்டு. பொங்கல் முடிந்து வந்தால் பெரிய வகுப்புகளுக்குச் செய்முறைத் தேர்வு, ரிவிஷன்.

இத்தனையும் கழித்தால் உருப்படியாகக் கையில் நிற்பது 14, 15 வாரம்தான். அதில் பாதி ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வந்துவிடும். தேர்தலை ஆகஸ்ட் 15க்குள் வைத்தால் போதும் என்று இழுக்கிற பள்ளிகள் அந்தப் பாதியில் பெரும்பகுதியைத் தொலைக்கின்றன. ஜூலை முதல் வாரத்தில் தேர்தலை முடித்துவிடுங்கள். பொறுப்பாளர்களை 9, 11ஆம் வகுப்புகளிலிருந்து எடுங்கள். 10, 12 பிள்ளைகளை எடுத்தால் நவம்பருக்கு மேல் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது.

தேர்தல்

அரசுப் பள்ளிகளில் 2024-25 முதல் ‘மகிழ் முற்றம்’ என்ற பெயரில் ஐந்து மாணவர் குழுக்கள் இருக்கின்றன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. காசிமேட்டுப் பிள்ளைக்கு நெய்தல் கிடைக்காமல் குறிஞ்சி கிடைத்தால் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும், அதுவும் நல்லதே. இந்தக் குழுத் தலைவர்களைப் பேரவைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஒரு பக்கம், வகுப்புத் தலைவர்கள் ஒரு பக்கம் என்று இரண்டு அமைப்பு ஓடினால் வேலை இரண்டிலும் நடக்காது. வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகள். இருபாலர் பள்ளியானால் ஒரு பெண், ஒரு ஆண். ஆறாம் வகுப்பையும் விடாதீர்கள். தண்ணீர்க் குழாய் உயரம் எட்டவில்லை என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

வேட்புமனுவில் வாக்குறுதி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் அனுமதி வேண்டும், என்ன செலவு, எத்தனை வாரம் என்று வேட்பாளரே எழுத வேண்டும். நீச்சல் குளம் கட்டுவேன் என்கிறவர் அந்தக் கட்டங்களை நிரப்பும்போதே நின்றுவிடுவார். கட்சிக் கொடியின் நிறம், நடிகர் படம், சாதியைக் காட்டும் கயிறு, ஏரியா பெயர் எதுவும் பிரசாரத்தில் வரக் கூடாது. ஏரியா பெயரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னைக் கல்லூரிகளில் ‘ரூட் தல’ என்று பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரு தலைவர் முளைத்து என்னென்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த விதை பள்ளியிலேயே விழுகிறது. பேரவை அதற்கு மாற்றாக இருக்க வேண்டும், ஒத்திகையாக அல்ல.

வாக்குப்பதிவுக்கு நேரக் கணக்குப் போடுங்கள். 600 பேர், ஆளுக்கு 30 வினாடி என்றால் ஒரு சாவடியில் 5 மணி நேரம் ஆகும். நான்கு சாவடி வைத்தால் 75 நிமிடம், அதாவது இரண்டு பீரியட். செல்போன் செயலியில் ஓட்டுப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும்; ஆனால் எண்ணுகிற பழக்கம் சீட்டில்தான் வரும். பதிவு முடிந்ததும் சாவடி வாரியாக எழுதுங்கள்: அச்சிட்டது எத்தனை, போட்டது எத்தனை, மீதி எத்தனை. போட்டதும் மீதியும் கூட்டினால் அச்சிட்டது வர வேண்டும். வேட்பாளரின் ஆள் கையெழுத்துப் போடட்டும். நோட்டாவும் இருக்கட்டும். முடிவை எண்ணோடு அறிவியுங்கள்.

தேர்தல் கெடுவது பெரும்பாலும் மாணவரால் அல்ல. ஓட்டெல்லாம் போட்ட பிறகு, “ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குற பிள்ளையே இருக்கட்டும்” என்று ஆசிரியர் அறை மாற்றிவிடும். அப்படி ஒருமுறை நடந்தால் அந்தப் பள்ளியில் ஐந்து வருடத்துக்கு யாரும் ஓட்டை மதிக்க மாட்டார்கள். தகுதி விதி ஏதாவது இருந்தால் மனுத் தாக்கலுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

கூட்டம்

இரண்டு வாரத்துக்கு ஒன்று, 40 நிமிடம், பொருள் மூன்றுக்கு மேல் இல்லை. பக்க எண் போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே செய்பவர் பெயர், முடிக்கும் தேதி. ‘எல்லோரும் சேர்ந்து செய்வோம்’ என்று எழுதிய வேலை நடந்ததே கிடையாது.

பிரச்சினையைப் பிடிப்பது

என்ன வேண்டும் என்று வகுப்பில் கேட்டால் ஏ.சி., ஸ்மார்ட் போர்டு என்று பட்டியல் வரும். கேட்பதைவிடப் பாருங்கள். ஐந்து நாள், இன்டர்வெல்லிலும் மதிய உணவு நேரத்திலும், இருவர் இருவராக நோட்டோடு நின்று எண்ணுங்கள். தண்ணீர்க் குழாயில் எத்தனை பேர் வரிசை, எந்தக் குழாய் ஒழுகுகிறது, மைதானத்தில் எத்தனை பெண் பிள்ளைகள், காலையில் கேட் மூடிய பிறகு வருகிறவர் எத்தனை பேர், ஏன் தாமதம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வருகிற பிள்ளையின் தாமதமும் தூங்கிவிட்டு வருகிறவரின் தாமதமும் ஒன்றல்ல. பதிவேட்டில் இரண்டும் ‘லேட்’ என்றே இருக்கும்.

ஆலோசனைப் பெட்டி வைக்கலாம். ஆனால் அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே உள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியைப் பேரவை தொடக் கூடாது. அது பாதுகாப்பு சம்பந்தமான புகாருக்கானது, திறக்கிற குழுவும் தனி. உங்கள் பெட்டியிலும் சில நேரம் அப்படிப்பட்ட சீட்டு வந்து விழும். யாரோ தொடுகிறார்கள், அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்ற வகையில் ஒரு வரி இருந்தாலும் கூட்டத்தில் படிக்காதீர்கள், விசாரிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். அன்றே பொறுப்பாசிரியர் வழியாக எச்.எம். (தலைமையாசிரியர்) கையில் போக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி, அப்படி ஒரு குற்றம் தெரிந்தும் பெரியவர்கள் காவல்துறைக்குச் சொல்லாமல் விடுவது குற்றம். பிள்ளைகள் நேரடியாக அழைக்க 1098, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417. இரண்டையும் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம்.

வந்ததையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்: நாமே முடிப்பது, எச்.எம். முடிவு செய்வது, பள்ளிக்கு வெளியே போக வேண்டியது. முதல் வேலை கட்டாயம் முதல் வகையிலிருந்து, இரண்டு வாரத்தில் முடிகிறதாக இருக்கட்டும்.

ஒரு வேலையை முழுதாகப் பார்ப்போம்: இன்டர்வெல் கணக்கு

பெண்கள் கழிப்பறைப் பிரச்சினை இல்லாத பள்ளி குறைவு. “புதுசா கட்டித் தாங்க” என்று மனு எழுதுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கட்டடம் வர வருடக் கணக்காகும். அதற்கு முன் எண்ணுங்கள்.

ஒரு பள்ளியில் 180 பெண் பிள்ளைகள், 6 அறைகள், 10 நிமிட இன்டர்வெல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 10 நிமிடத்தில் ஓர் அறைக்கு 6 பேர். ஆறு அறைக்கு 36 பேர். மூன்றில் ஒருவருக்குப் போக வேண்டியிருந்தால் 60 பேர் வருவார்கள். ஆக, தினமும் 24 பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள், அல்லது அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம், தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தபடியே வீடு திரும்புவதைப் பார்த்தால் தெரியும். இதில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் ஐந்து அறைதான், 30 பேர்தான்.

இப்போது வழி தெரிகிறது. 6, 7, 8 வகுப்புகளுக்கு 10.40க்கும், 9க்கு மேல் 10.50க்கும் இன்டர்வெல் என்று பிரித்தால் ஒரு நேரத்துக்கு 30 பேர். இருக்கிற ஆறு அறையே போதும். சிமென்ட் மூட்டை ஒன்றுகூட வேண்டாம். மணி அடிக்கிறவருக்கு ஒரு புதிய அட்டவணை வேண்டும், எச்.எம். ஒப்புதல் வேண்டும்.

செய்யும் வரிசை: முதல் வாரம் எண்ணுவது. பெண் பிரதிநிதிகள்தான் எண்ண வேண்டும். வரிசையில் நின்றவர், திரும்பிப் போனவர் என்று கோடு போட்டால் போதும், பெயர் தேவையில்லை. கூடவே ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி: தாழ்ப்பாள், குழாய், பக்கெட், மக், விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. இரண்டாம் வாரம் எச்.எம்.மிடம் ஒரே தாளில் கணக்கு. கோரிக்கை இரண்டுதான்: தாழ்ப்பாளும் குழாயும் சரிசெய்வது, இரண்டு வாரம் சோதனையாக இன்டர்வெல்லைப் பிரிப்பது. ‘சோதனையாக’ என்ற சொல் முக்கியம். நிரந்தர மாற்றம் என்றால் ஆசிரியர் கூட்டம், டைம் டேபிள் என்று தள்ளிப்போகும். மூன்றாம், நான்காம் வாரம் சோதனை. அதே இடத்தில் மறுபடி எண்ணுவது ஐந்தாம் வாரம்.

எங்கே சிக்கும்? ஒரு பகுதிக்கு இன்டர்வெல் நடக்கும்போது மற்ற வகுப்பில் சத்தம் கேட்கிறது என்று புகார் வரும். இது நிஜமான புகார். கழிப்பறைக்குப் போகும் வழி நடக்கிற வகுப்புகளின் வாசல் வழியாக இல்லாதபடி மாற்றுங்கள். இரு பகுதிக்கும் பொதுவான ஆசிரியருக்கு பீரியட் மோதும். அந்த இரண்டு மூன்று பெயரைத் தாளிலேயே முன்கூட்டி எழுதிப் போங்கள். கழிப்பறையைப் பிள்ளைகளே கழுவுவது என்ற யோசனையை யார் கொண்டுவந்தாலும் பேரவை ஏற்கக் கூடாது. அது தூய்மைப் பணியாளரின் வேலை. அவர் வருவது எத்தனை மணிக்கு, பினாயில் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது வேண்டுமானால் பேரவையின் வேலை.

குடிநீருக்கும் இதே முறை. குழாயில் வரும் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டி போதும். வேதியியல் ஆசிரியர் செய்ய, மாணவர் குறித்துக்கொள்ளட்டும். டேங்கில் ஏறுவது, பிளீச்சிங் பவுடரைத் தொடுவது மாணவர் வேலை இல்லை. டேங்க் கழுவிய தேதியைப் பெயின்ட்டில் டேங்கிலேயே எழுத வைத்தால் அதுவே ஒரு சாதனை.

பள்ளி வாசலுக்கு வெளியே

மழைநீர் வடிகால் அடைப்பு, எரியாத தெருவிளக்கு, வாசலில் குப்பை, கழிவுநீர் பொங்குவது, கன்டெய்னர் லாரி போகிற சாலையைக் கடப்பது. வடசென்னைப் பள்ளிக்கு இவை இல்லாமல் இருக்காது. இங்கே பேரவை தோற்பது பெரும்பாலும் தவறான மேசைக்கு மனு போவதால்.

1. இது யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. அழைப்பு எண் 1913. கழிவுநீரும் குடிநீரும் மெட்ரோ வாட்டருக்கு (சென்னைக் குடிநீர் வாரியம்), 044-4567 4567. சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். பெரிய சாலைகள் பல மாநகராட்சியிடம் இல்லை. வேகத்தடைக்குப் போக்குவரத்துக் காவலரின் கருத்தும் தேவைப்படும்.

2. பொறுப்பாசிரியர் 1913இல் புகார் பதிந்து, புகார் எண்ணைப் பேரவை நோட்டில் அன்றே எழுதட்டும். எண் இல்லாத புகார் காற்றில் போன புகார்.

3. நடக்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவின்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாணவர் கையெழுத்து நூறைவிடக் குழுவின் ஒரு தீர்மானத்துக்கு எடை அதிகம். மெட்ரிக் பள்ளியானால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கடிதம்.

4. தீர்மானத்தோடு எச்.எம். கடிதம் மண்டல அலுவலகத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும் போகட்டும். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் சீல் வாங்கி வாருங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளையொட்டி வார்டில் மக்கள் குறை சொல்லும் கூட்டமான ஏரியா சபை கூடினால், பெற்றோர் ஒருவர் அங்கேயும் எழுப்பலாம்.

மனு அரைப் பக்கம் போதும். ‘மாணவர்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள்’ என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: “எங்கள் பள்ளியின் பின்வாசலில் இருந்து தெருமுனை வரை சுமார் 40 மீட்டர் வடிகாலில் மூன்று இடங்களில் மண் அடைத்துள்ளது. கடந்த மழையில் இரண்டு நாட்கள் முழங்கால் அளவு நீர் நின்றது. செப்டம்பர் 30க்குள் தூர்வாரித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 1913 புகார் எண், தேதி கீழே. படங்கள் இணைப்பு.” இந்த மனு ஆகஸ்டில் போக வேண்டும். அக்டோபர் கடைசியில் தண்ணீர் நின்ற பிறகு கொடுத்தால் மோட்டார்தான் வரும், தூர்வாரும் ஆள் வரமாட்டார்.

சாலையைக் கடக்கும் விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பு: மாணவர் நடுரோட்டில் நின்று வண்டியை நிறுத்தக் கூடாது. கன்டெய்னர் லாரியின் முன்பக்கத்துக்கு ஒட்டி நிற்கும் சிறிய பிள்ளையை ஓட்டுநரால் பார்க்கவே முடியாது. பேரவைத் தொண்டர் நடைபாதையில் பிள்ளைகளைச் சேர்த்து வைப்பார். வண்டியை நிறுத்துவது போலீஸ்காரரோ போக்குவரத்து வார்டனோ மட்டும்.

எண்ணூர், மணலி பக்கம் கூடுதலாக ஒன்று

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டுத் தெருவில் ஓடினார்கள். பள்ளி நேரத்தில் அப்படி ஒன்று வந்தால்? பெரும்பாலான பள்ளிகளில் தீ ஒத்திகை மட்டுமே நடக்கிறது: மணி அடித்தால் எல்லோரும் மைதானம். வாயுக் கசிவில் அது தப்பாகிவிடலாம். ஆகவே இரண்டு விதமான மணி வேண்டும். வாயு மணிக்கு யாரும் தானாக வெளியே ஓடுவதில்லை. ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, எச்.எம். சொல்லுக்குக் காத்திருப்பது. வெளியேறச் சொன்னால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நகர்வது. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் நனைத்த கைக்குட்டை மூக்கில். காற்றுத் திசை பார்க்க மாடியில் ஒரு துணிக் கொடி. ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்தி, ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைத்தால், பேரவையின் மற்ற எல்லா வேலையையும்விட இது மேல்.

விளையாட்டு, பணம்

2024 கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். பல பள்ளிகளில் கேரம் போர்டு பீரோவுக்குப் பின்னால் தூசியோடு நிற்கிறது. அதை வெளியே எடுத்து, பி.டி. பீரியடில் பெண்கள் முறை எந்த நாள் என்று அட்டவணை போட்டு, யார் எடுத்தார், திருப்பினார் என்று ஒரு நோட்டு வைத்தால் முதல் இரண்டு வாரச் சாதனைக்கு இதுவே போதும்.

பணத்தைப் பேரவை கையில் தொடவே வேண்டாம். வகுப்பில் பத்து பத்து ரூபாய் வசூல் என்பது கொடுக்க முடியாத பிள்ளையை அடையாளம் காட்டும் வேலை. பொருள் தேவைப்பட்டால் பொருளாகவே பள்ளி வாங்கட்டும். பில் நகல் மட்டும் நோட்டில் ஒட்டுங்கள். முன்னாள் மாணவர், நிறுவனம் யாராவது தர முன்வந்தால் அரசுப் பள்ளிக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசு நன்கொடைத் திட்டத்தின் வழி இருக்கிறது.

சாதனைப் பக்கம் எழுதுவது

ஒரு வேலைக்கு ஒரு பக்கம். தொடங்கிய தேதி, அன்றைய எண், முடித்த தேதி, இன்றைய எண், யார் செய்தது, இனி யார் பார்த்துக்கொள்வது. முன், பின் படங்களை ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எடுங்கள். பிள்ளைகள் முகம் வேண்டாம். தாழ்ப்பாளுக்கு முகம் தேவையில்லை. மாநகராட்சி செய்ததை ‘நாங்கள் தூர்வாரினோம்’ என்று எழுதாதீர்கள். ஆகஸ்ட் 6இல் கேட்டோம், செப்டம்பர் 19இல் வேலை நடந்தது என்று எழுதினால் படிப்பவரே புரிந்துகொள்வார்.

நடக்காததற்கும் ஒரு பக்கம் விடுங்கள். பெரும்பாலான பேரவைகள் இதை எழுதுவதில்லை. அதனால் அடுத்த ஆண்டு அதே மனு அதே தவறான அலுவலகத்துக்குப் போகிறது.

ஒப்படைப்பு

ஜனவரி கடைசி வாரம், மார்ச்சில் அல்ல. 8, 10 வகுப்புகளில் யார் அடுத்த ஆண்டு நிற்கக்கூடும் என்று தெரிந்தவர்களைக் கடைசி இரண்டு கூட்டத்தில் உட்கார வையுங்கள். பேச வேண்டாம், பார்த்தால் போதும். கொடுக்க வேண்டியவை: பக்க எண் கிழியாத நோட்டு, சீல் போட்ட மனு நகல்கள், முடியாமல் நிற்கும் புகார் எண்கள், பெட்டிச் சாவி இரண்டு, தாழ்ப்பாள் மறுபடி எண்ண வேண்டிய தேதி. வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.